சீல் உடைக்காத பெட்டி

சத்தத்தை முதலில் கேட்டவர் வீட்டுக்காரர்தான். அவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? பழைய சிவப்புக் கார். கதவு இரண்டு, இருக்கை இரண்டு, ரோட்டோடு ரோடாகப் படுத்துக்கிடக்கும். ஒரு காலத்தில் பந்தயத்துக்கு ஓடிய ரகம். அதை ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். பக்கத்து இருக்கை மனைவிக்கு. அவள் ஏறி உட்கார்ந்து தெருமுனை தாண்டுவதற்குள் கண்ணயர்ந்துவிடுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மழையில் துணி எதுவும் காயவில்லை. ஈரத் துண்டுகளை நாற்காலி முதுகில் விரித்துக்கொண்டிருந்தவளை அவர் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வா. வந்து வண்டியில உக்காரு. இன்னைக்காவது தூங்காம கேளு."

கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இடது காலை எடுத்து பெடல்மேல் வைத்தார். உடனே எங்கோ அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது, நோயாளி புரண்டு படுப்பது மாதிரி. காலை எடுத்தார். நின்றுவிட்டது.

"கேட்டுச்சா?"

"ஏதோ முனகுது."

"முனகுதா! கிளட்ச் மாத்தி நாலு மாசம்தான் ஆகுது. பிளேட்டு புதுசு, பேரிங் புதுசு. புதுசு எங்கயாவது முனகுமா? இதையும் கேளு."

முதல் கியருக்குத் தள்ளினார். கறக் என்று பல்லைக் கடித்தது வண்டி. அவளுக்கே உடம்பு கூசியது.

"பெடல் கல்லு மாதிரி இருக்கு. அமுக்கி அமுக்கி கால் கடுத்துப்போகுது." சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். வைப்பரில் தொங்கிய மழைத்துளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உன் தம்பி மாத்தவே இல்லையோன்னு தோணுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். 'மாப்ளே' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், 'உன் தம்பி' என்றது அன்றைக்குத்தான்.

தம்பிக்கு மெக்கானிக் பட்டறை. மாமன் மச்சினன் உறவு அவர்களுக்குள் தொடக்கத்தில் 'வாங்க, போங்க' அளவில்தான் இருந்தது. இந்தக் கார்தான் அதை மாற்றியது. கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கொட்டகையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து இதை இழுத்து வந்தார்கள். பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். தம்பி கீழே படுத்துக்கொண்டு கை நீட்டுவான். இவர் ஸ்பானரை எடுத்துக் கொடுப்பார். ஸ்பானர் எது, ஸ்க்ரூ டிரைவர் எது என்று தெரியாமல் போனவர், துரு தேய்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் கற்றுக்கொண்டு வந்தார். வண்டி முதன்முதலாகக் கிளம்பிய அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவருடைய தொழில் அப்படி. அச்சகத்தில் பிழை திருத்துபவர். கல்யாணப் பத்திரிகை கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றுதான் கண் போகும். அச்சகத்தில் அவருக்கு 'ஒற்றர்' என்று பட்டப்பெயர். விட்டுப்போன ஒற்றைத் தேடுவதால் வந்ததா, வேவு பார்ப்பது மாதிரிப் பார்ப்பதால் வந்ததா என்று கேட்டால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்பார்கள்.

"அவன் அப்படிப் பண்ணமாட்டான்" என்றாள் அவள்.

"பண்ணமாட்டான்னு நானும்தான் நெனைச்சேன்."

அதோடு இறங்கிப் போய்விட்டார். விதை போட்டாயிற்று. அது அவளுக்குள் விழுந்தது.

ஏனென்றால் அந்தப் பெட்டியைத் தம்பி கையில் கொடுத்தவள் அவள். உதிரிபாகக் கடையில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள்தான் கவுண்ட்டர். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இந்தச் சிவப்புக் காருக்கு கிளட்ச் செட் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கெங்கோ சொல்லிவைத்து ஒன்றே ஒன்றுதான் வந்தது. சீல் உடைக்காத பெட்டி. தம்பி வாங்கிக்கொண்டு போனான்.

அதே வாரம்தான் பல் டாக்டர் வண்டியும் தம்பி பட்டறையில் நின்றது. ஊரில் இதே ரகத்தில் இருந்த இன்னொரு வண்டி அது. அதற்கும் கிளட்ச் வேலை. பழைய பிளேட்டுக்கே புது லைனிங் ஒட்டிக் கொடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். பெட்டி ஒன்று, வண்டி இரண்டு. பல் டாக்டர் பெரிய இடம். நாலு பேரிடம் சொல்லுவார். மாமா வீட்டு மனுஷர், பொறுத்துக்கொள்வார். அப்படி நினைத்திருப்பானோ? சேச்சே, என்று தலையை உதறிக்கொண்டாள். மறுநாள் கடையில் பெட்டிகளை அடுக்கும்போது திரும்ப அதே நினைப்பு வந்து நின்றது.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பட்டறைக்கு நடந்தாள்.

ஒரு வேனுக்கு அடியில் தம்பியின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"யாரு?"

"நான்தான்டா. சும்மா வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீ? டீ சொல்லவா?"

"வேண்டாம். கை கழுவிட்டு வரேன்."

தகரக் கொட்டகையின் திறந்த பின்பக்கத்தில் குழாய். குழாய்க்குப் பக்கத்தில் கழித்த பாகங்களைப் போடும் இரும்பு டிரம். அவள் கணக்கு எளிமையானது. தங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பிளேட் அந்த டிரம்மில் கிடந்தால் தம்பி யோக்கியன். கிடக்காவிட்டால் அது இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிளறினாள். தேய்ந்த பிரேக் கட்டைகள், உடைந்த ஸ்பிரிங், கரி பிடித்த பிளக்குகள். பிளேட் மட்டும் இல்லை. சோப்புத்தூளைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். நகத்துக்குள் போன கிரீஸ் போகவில்லை.

திரும்பி வந்தபோது தம்பி வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில் இல்லாம ஒரே புழுக்கம்டா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். "அவன் பிரிக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும்" என்று அவர் சொன்னார். "நீயும் நில்லு."

போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் யாரோ மூட்டை மூட்டையாகச் சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல் இருந்தது.

"மழை நிக்கட்டும் மாமா. இந்தச் சத்தத்துல என் பேச்சே எனக்குக் கேக்கல. பேரிங் பேசுறது எங்க கேக்கப் போவுது" என்று கத்தினான் தம்பி. ஸ்டூலை இழுத்துப் போட்டான். எப்போதும் அதில்தான் அவர் உட்காருவார். அன்றைக்கு உட்காரவில்லை. காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தம்பி டீயும் பன்னும் வரவழைத்தான். அவருடைய டீ ஆடை கட்டி ஆறியது.

மழை விட்டதும் இன்ஜினை ஓடவிட்டான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை கியர்பாக்ஸில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டான். "அக்கா, யாராவது பெடல... மாமா, நீங்க ஏறுங்க. லேசா கால் வைங்க. எடுங்க. திரும்ப வைங்க." எழுந்து வந்தான். "கால எடுத்தா சத்தம் இல்ல, வெச்சா வருது. அப்போ கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. கிளட்ச அமுக்கிக் கொடுக்கற ரிலீஸ் பேரிங்தான் போயிருக்கு. இதுல சந்தேகமே இல்ல."

"எனக்கு இருக்கே" என்றார் அவர்.

தம்பி அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கினான். பெரிய வேலை. பின்னங்கழுத்தில் வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து வழிந்தன. அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடவில்லை.

பேரிங் வெளியே வந்தது. தம்பி விரலில் மாட்டிச் சுற்றினான். உள்ளே மணல் இருப்பதுபோல் அரைத்தது.

"பேரைப் பாருங்க மாமா. பெட்டியில இருந்த அதே கம்பெனி. பழசுல இந்தப் பேரு கிடையாது."

அவளுக்கு மூச்சு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிரீஸைத் துடைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ஒரு பிழையும் இல்ல" என்றார்.

"அப்புறம் என்ன?"

"அதுதான் எனக்கு இடிக்குது. உண்மையான கம்பெனிக்காரன் ஏனோதானோன்னு அடிச்சிருப்பான். போலிக்காரன்தான் பாத்துப் பாத்து அடிப்பான்." கண்ணாடியைக் கழற்றினார். "பெட்டியே போலியா இருந்தா? அந்தப் பெட்டிய யார் கொடுத்தது?"

அவள் விளக்கைக் கீழே வைத்தாள்.

"என்னங்க பேசுறீங்க? சீல் வெச்ச பெட்டி. நான் என் கையால எடுத்துக் கொடுத்தேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தம்பி எழுந்து நின்றான். "மாமா, அக்காவ இதுல இழுக்காதீங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. புது பேரிங் இப்படிப் பாதியில சாகுதுன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஓட்டுற ஆளு பெடல்மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டுறாரு. முழுசா எடுக்கறதும் இல்ல, முழுசா அமுக்கறதும் இல்ல. அதான் பேரிங் கத்துது, கியரும் கத்துது."

"யாருக்குச் சொல்ற? நீ மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் வண்டி ஓட்டினவன்."

"நீங்க முன்ன இப்படி ஓட்டமாட்டீங்கன்னு எனக்கும் தெரியும். அதான் எனக்கும் புரியல."

முழு செட்தான் கிடைக்காது, பேரிங் மட்டும் வேறு வண்டிகளுக்கும் பொது என்பதால் கடையிலிருந்து இன்னொன்றை அவள் முன்கூட்டியே கொண்டுவந்திருந்தாள். அதை அவர் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள். அவரும் பிரித்தார். தம்பி அதை மாட்டி, பேரிங்கைத் தள்ளும் கவை உட்காரும் குமிழுக்குப் புதுசாக கிரீஸ் வைத்து, நல்லாயிருந்த கேபிளைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கேபிள் போட்டான். எல்லாம் முடியச் சாயங்காலம் ஆயிற்று. குனிந்து உள்ளங்கையால் பெடலை அமுக்கிக் காட்டினான்.

"பாருங்க மாமா, கையாலயே போவுது."

அவர் ஏறி உட்கார்ந்தார். முனகல் போயிருந்தது. ஆனால் முகம் மாறவில்லை, இன்னும் இறுகியது.

"கல்லுதான். அப்படியே இருக்கு."

"மாமா..."

"என்னமோ பண்ணி வெச்சிருக்க. நீ அமுக்கினா போவுது, நான் அமுக்கினா போவல. நான் என்ன கேனையனா? இனிமே உன் பட்டறைக்கு என் வண்டி வராது, என் வீட்டுக்கு நீ வராத. வரேங்க மெக்கானிக் சார்."

கறக் என்று கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது தம்பி அந்தப் பழைய பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. அவள் தட்டை வைத்தால் அவர் சாப்பிடுவார். ஒருநாள் முட்டையை உரித்துக்கொண்டே, "உங்க கடையில போலி எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார், என்னமோ மழை வருமா என்று கேட்பதுபோல. அவள் எழுந்து போய்விட்டாள். ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். யாரென்றே தெரியாத ஆள். அந்த மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி பூப்போல இருக்கு சார். யார் பாத்தாங்களோ, நல்லாப் பாத்திருக்காங்க. நான் கை வெச்சா கெட்டுப்போயிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"அவனும் இவனும் ஒரே கடையில டீ குடிக்கிறவனுங்களா இருக்கும்" என்றார் வந்து.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு வேறு ஒரு சந்தேகம் முளைத்தது. இரண்டு மெக்கானிக்குக்கும் தெரியாத கோளாறு இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ஒருவேளை கோளாறே இல்லையோ? தம்பியை வெட்டிவிடுவதற்கு ஒரு சாக்கு தேடுகிறாரோ?

மறு ஞாயிறு மத்தியானம், அவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு காரிடம் போனாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு இடது காலை பெடலில் வைத்தாள். கல்லை நகர்த்தப் போகிறவள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அது தரை வரைக்கும் சட்டென்று போய் இடித்தது. எதிர்பார்க்காமல் அவளே முன்னால் சாய்ந்துவிட்டாள். இன்னொரு தடவை மிதித்தாள். தையல் மெஷினை மிதிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அவளுக்குத் திகுதிகுவென்று வந்தது. உள்ளே போய்ப் பேப்பரைப் பிடுங்கினாள்.

"எழுந்திரிங்க. வந்து அந்தப் பெடல என் கண்ணு முன்னாடி அமுக்குங்க."

"என்ன இப்ப?"

"நான் அமுக்கினேன். போவுது. குழந்தை அமுக்கினாகூடப் போகும். எதுக்கு இந்த நாடகம்? என் தம்பி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினான்?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். எழுந்து வந்து காரில் உட்கார்ந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் காலையே பார்த்தபடி அவள் குனிந்து நின்றாள்.

"அமுக்குங்க."

அமுக்கினார். பெடல் பாதி தூரம் போயிற்று. அங்கே நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து மிதித்தார். இன்னும் கொஞ்சம் போயிற்று. வேட்டிக்குள் தொடை வெடவெடவென்று நடுங்கியது. நெற்றி வேர்த்துவிட்டது.

நாடகம் ஆடுகிறவனுக்கு வேர்க்காது.

"காலை எடுங்க."

எடுத்தார். எடுத்தாரா? குதிகால் தரைக்கு வந்தது. முன்பாதம் பெடல்மேலேயே கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"என்னங்க," குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வலது காலால அமுக்குங்க."

"கிளட்ச வலது காலால யாராவது அமுக்குவாங்களா? இது உன் தம்பி சொல்லிக் கொடுத்ததா?"

"எனக்காக ஒரு தடவை."

முணுமுணுத்துக்கொண்டே உடம்பைத் திருப்பி வலது காலை வைத்தார். பெடல் தரைக்குப் போயிற்று. சத்தமே இல்லாமல்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை எடுத்துவிட்டு இடது காலை வைத்தார். பாதியில் நின்றது. வலது கால். தரை. இடது கால். பாதி. அச்சுத்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது மாதிரி மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்தார். அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார் கடைசியில். அப்போதும் சந்தேகம்தான் வந்தது அவருக்கு. ஆனால் குரல் வேறு.

"இப்பதாங்க. உங்களோடதான் தெரிஞ்சுகிட்டேன்."

"செருப்பு கழண்டு கழண்டு விழுது. வாரு சரியில்லன்னு நெனைச்சேன்."

"முதுகு வலின்னீங்களே?"

"அது அச்சகத்து நாற்காலி."

"எழுந்திரிங்க. தோளப் புடிச்சுக்கோங்க."

"நடக்கத் தெரியும் எனக்கு" என்றார். ஆனால் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து இரண்டு தொடைகளையும் டேப்பால் அளந்தார். இடது தொடை நன்றாகவே மெலிந்திருந்தது. தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற தனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவள் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்கிட்டே முதுகெலும்பில் ஒரு டிஸ்க் நழுவி நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் கால் திரும்ப வராது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

தம்பிக்கு அவள்தான் போன் செய்தாள். "வரேன்" என்று மட்டும் சொன்னான்.

வந்தபோது நகத்தில் கிரீஸ் இருந்தது. சட்டை மட்டும் சலவைச் சட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். யார் முதலில் வாய் திறப்பது என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுவதுபோல் இருந்தது. டிஸ்க் என்றால் என்ன என்று தம்பி கேட்டான். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் தட்டு மாதிரி ஒன்று என்று அவள் சொன்னாள்.

"அப்போ பிளேட்டு போனது உண்மைதான் மாமா" என்றான் தம்பி. "வண்டியிலதான் இல்ல."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். "டேய் மாப்ளே," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கியர்பாக்ஸ இறக்கப் போறாங்கடா."

"பக்கத்துல நின்னு பாக்க முடியாது மாமா, மயக்கம் குடுத்துருவாங்க. நான் வேணா வெளிய நிக்கிறேன்."

நின்றான். ஆபரேஷன் முடிகிறவரைக்கும் தாழ்வாரத்தை விட்டு நகரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்து நடக்கவைத்ததும் அவன்தான். கால் மெல்ல மெல்ல வந்தது. பழைய பலம் முழுசாக இல்லை. ஆனால் செருப்பு கழலவில்லை. மன்னிப்பு என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. தேவைப்படவும் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு அது எப்படி அவ்வளவு சுலபமாக முடிகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏனென்றால் அவளிடம் தம்பி பழையபடி இல்லை. முகம் கொடுத்துப் பேசினான், சாப்பிட்டான், 'அக்கா, அக்கா' என்றான். ஆனால் எதுவோ குறைந்தது.

அது என்னவென்று கடையில்தான் தெரிந்தது. முதல்தடவை பிரேக் சிலிண்டர் வாங்க வந்தவன், பெட்டியை வாங்கிய கையோடு போகாமல், கவுண்ட்டரிலேயே வைத்துச் சீலை உடைத்தான். பாகத்தை வெளியே எடுத்து அவள் முன்னால் வைத்தான். "பாத்துக்கக்கா. புதுசுதானே?" என்றான் சிரித்துக்கொண்டே. கடைக்காரரும் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கு அடுத்த தடவையும். ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பாகமாக எடுத்துக்காட்டி, திரும்ப அடுக்கிக்கொண்டு போனான். நான்காவது தடவை கடையில் வேறு யாருமில்லை. அவள் பெட்டியை நீட்டினாள். அவன் நகத்தால் சீலைக் கீறப்போனான். அவள் பெட்டிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பிரிக்காதடா."

"ஏன்?"

"நான் கேக்கலையே."

தம்பி அவள் கையைப் பார்த்தான்.

"சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சியே அன்னைக்கு. வேனுக்கு அடியிலேருந்து எனக்குப் பின்பக்கம் நல்லாத் தெரியும். பழைய இரும்புக்காரன் முந்தின வாரமே டிரம்ம காலி பண்ணிட்டுப் போயிட்டான். நீ என்ன தேடுறன்னு எனக்கு அப்பப் புரியல, மாமா வந்து பேசினப்பதான் புரிஞ்சுது." அவன் குரல் உயரவே இல்லை. "மாமா என் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. நான் பதில் சொன்னேன். அது போச்சு. நீ அன்னைக்கும் கேக்கலக்கா."

அவளுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அவர்தான் கிளப்பிவிட்டார் என்று சொல்லலாம். பல் டாக்டர் வண்டியைப் பற்றிச் சொல்லலாம். கையை எடுத்தாள்.

தம்பி சீலை உடைத்து, உள்ளே இருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அவள் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

"புதுசுதான்டா" என்றாள்.

"சரி" என்று வாங்கிக்கொண்டு அவன் போனான்.